முதுகுக்கு உரியவள்

இந்த அமெரிக்க நாட்டில் ஓர் ஓவியர் ஆயிரம் படம் வரைந்தாலும் ஜனங்கள் ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள். வைக்கோல் வாரும் கவையோடு விறைத்து நிற்கும் கிழவனும் மகளும் ஒருவருக்கு. ஆளரவமற்ற தெருமுனையில் விளக்கெரியும் உணவுக் கடை இன்னொருவருக்கு. என் கணவர் ஆரின் ஹாஸ்கலுக்குக் கிடைத்தது ஒரு முதுகு.

படத்தின் பெயர் "கேட்டு நிற்பவள்". கொல்லைக் கதவு திறந்திருக்கிறது. நீல உடுப்புப் போட்ட ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசற்படியில் நிற்கிறாள். தலை இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. கைகளைப் பின்னால் கோத்திருக்கிறாள். இடது கையின் கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் வெள்ளையாக ஏதோ சுற்றியிருக்கிறது. அவளுக்கு அப்பால் வெறும் மூடுபனி. அவ்வளவுதான். நியூயார்க் அருங்காட்சியகத்தில் அதற்கென்றே ஒரு சுவர் ஒதுக்கி மாட்டியிருக்கிறார்கள். தபால்தலையில் வந்துவிட்டது. காலண்டரில் வருகிறது. பல் பிடுங்கிக்கொள்ளப் போனால் அங்கேயும் அவள் நிற்கிறாள்.

அந்த முதுகு என்னுடையது என்று உலகம் நம்புகிறது. நாற்பத்தோரு வருடமாக நானும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். அது என்னுடையதல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை ஏமாற்றிவிட்டாள் என்று திட்டக் கூடாது.

1947-ல் ஆரின் அந்தப் படத்தை வரைந்தபோது டார்பெல் கோவ் என்ற இந்தக் கடலோர ஊரில் நான் இல்லை. பாங்கோர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். குழந்தை செத்துப் பிறந்தது, அதோடு கர்ப்பப்பையும் போயிற்று. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தால், வரவேற்பறையில் படம் காய்ந்துகொண்டிருந்தது. யார் இது என்று நான் கேட்கவில்லை. மெய்ன் மாநிலத்து வேனிற்காலத்தில் மூன்று வாரம் ஒரு ஆண்பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுக் கேள்வி கேட்பதற்கு எனக்குத் தெம்பில்லை. அடுத்த வசந்தத்தில் ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். நான் காபி எடுத்துப் போனபோது, "இது உங்க மனைவிதானே" என்று ஆரினைக் கேட்டார். ஆரினுக்குப் பேசுவது என்றாலே வேப்பங்காய். என்னை ஒரு தடவை பார்த்தார். "அப்படியே போட்டுக்கோங்க" என்றார். நாய்க்கு எலும்பு போடுகிற மாதிரிதான் அதை எனக்குப் போட்டார். நான் கவ்விக்கொண்டேன்.

ஏன் கவ்விக்கொண்டேன் என்றால், அவர் என்னை ஒருநாளும் வரைந்ததில்லை. பக்கத்து வீட்டு மாட்டை வரைந்திருக்கிறார். அஞ்சல்காரரின் தொப்பியைப் பதினேழு தடவை வரைந்திருக்கிறார். என்னை வரையுங்களேன் என்று கல்யாணமான புதிதில் வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். "உன் மூஞ்சில எனக்கு வேலை இல்ல, எனிட்" என்பார். கோபமே இல்லாமல் சொல்வார். கடையில் வேண்டாத காயைத் திருப்பி வைப்பது போல.

பிறகு அந்த முதுகுதான் என் பிழைப்பு. வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னேன். விரலில் என்ன வெள்ளைத்துணி என்று கேட்டால், ரொட்டி வேகவைக்கும் தட்டில் சுட்டுக்கொண்டேன் என்பேன். எதைக் கேட்டு நிற்கிறீர்கள் என்றால், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "அதை மட்டும் கேட்காதீங்க" என்பேன். இழந்த குழந்தையின் அழுகை என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். டாக்டர் பெல் என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார், ஆரினைப் பற்றி வந்ததிலேயே தடிமனான புத்தகம் எழுதியவர். அதில் அந்த மூன்று விரல் கட்டுக்கு மட்டும் ஓர் அத்தியாயம். மணவாழ்வின் தளை, அமெரிக்க ஆன்மாவின் காயம், சிலுவையில் அறைந்த கை. மூன்றாம் பதிப்பு வந்துவிட்டது. படித்துவிட்டு நான் அழுததாக முன்னுரையில் எழுதியிருக்கிறார். கொட்டாவியில் வந்த கண்ணீர் அது.

ஆரின் செத்த பிறகு அவர் பெயரில் ஒரு குழு வைத்தோம். ஊர் ஊராய்ப் பரண்களிலிருந்து "இது ஹாஸ்கல் வரைஞ்சது" என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். அது அவர் கைவேலைதானா என்று நாங்கள் சொல்ல வேண்டும். குழு என்றால் நான், டாக்டர் பெல், போர்ட்லாந்தில் இருக்கும் வக்கீல். வக்கீல் வருவதில்லை, நான் எந்தப் பக்கமோ அவர் ஓட்டும் அந்தப் பக்கம். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, இந்தத் தொழிலில் எல்லாக் குழுவிடமும் இருப்பதுதான். காரணம் சொல்ல மாட்டோம். இல்லை என்றால் படத்தின் பின்பக்கம் சிவப்பு மையில் "ஏற்கப்படவில்லை" என்று ஒரு முத்திரை. எதற்கு இல்லை, ஏன் இல்லை, வாய் திறக்க மாட்டோம். காரணம் சொன்னால் வழக்குப் போடுவார்கள். முத்திரை விழுந்த படத்தை அப்புறம் ஒருவரும் தொட மாட்டார்கள், உண்மையாகவே அவர் வரைந்திருந்தாலும் சரி.

தெல்மா காட் வந்தது செப்டம்பர் மாதம், குழு கூடும் நாளில். அறுபத்தாறு வயது. சர்ச்சுக்குப் போடும் கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டிருந்தாள். அவளை எனக்குத் தெரியும். இந்த ஊரில் எல்லோரையும் எனக்குத் தெரியும், அவர்கள் வீட்டுக்குள் போனதில்லை, அவ்வளவுதான். மத்தி மீனை டின்னில் அடைக்கும் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். கணவன் கரோல், சிங்கி இறால் பிடிக்கிறவன். கையில் ஒரு தலையணை உறை வைத்திருந்தாள். அதற்குள்ளிருந்து ஒரு மரப்பலகையை எடுத்து என் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள்.

மத்திப் பெட்டியின் மூடி அது. அதில் எண்ணெய் வண்ணத்தில் ஒரு பெண். அதே கொல்லைக் கதவு, அதே நீல உடுப்பு, அதே மூடுபனி. இந்தத் தடவை அவள் நம்மைப் பார்த்து நின்றாள். சிவந்த மூக்கு, அகன்ற வாய், சிரிப்பை அடக்கிக்கொண்ட இருபத்தைந்து வயது முகம். ஒரு கையை மார்புக்குக் குறுக்கே வைத்திருந்தாள், மூன்று விரலிலும் வெள்ளைக் கட்டு. நான் பலகையைத் திருப்பினேன். ஆரினின் கையெழுத்து: "தெல்மா. பதினோராம் நாள். ஆ.ஹா."

டாக்டர் பெல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"இந்த வெள்ளைக் கட்டு என்னதும்மா?" என்று அவளைக் கேட்டார். குரல் எனக்கே பாவமாக இருந்தது.

தெல்மா சிரித்தாள். "பிளாஸ்திரிங்க. மீன் தலைய கத்திரியால வெட்டி வெட்டிப் போடணும்ல, பிடிக்கிற கையி நாராக் கிழிஞ்சுபோகும். ஆலையில இருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் சுத்திக்குவோம். கட்டைவிரலு, அடுத்த ரெண்டு. ஏன், உங்க புத்தகத்துல வேற என்னமோ போட்டுருக்கீங்களாமே?"

"அப்ப அந்தப் பெரிய படத்துல அவ எதைக் கேட்டுக்கிட்டு நிக்கிறா?" என்றார் பெல்.

"ஆலைச் சங்கைத்தான். ரெண்டு நீளம் ஒரு குட்டை ஊதுனா எங்க ஆலை. மீன் படகு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? சங்கு ஊதுனா அடுப்புல பாலு பொங்கினாலும் விட்டுட்டு ஓடணும், இல்லாட்டி மீன் வெட்டுற மேஜையில இடம் போயிரும். நான் இங்க நின்னாலும் காது முழுக்க அங்கதான். பாதியில ஊதிரும், ஓடிருவேன், அவரு தூரிகையத் தூக்கி எறிவாரு. அதனாலதான் பதினோரு நாள் ஆச்சு."

டாக்டர் பெல் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். காரில் ஏதோ காகிதம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து வெளியே போனார். அந்த மனிதர் என்றுமே ஒரு கோழை.

"இதை விக்கணுமா?" என்று கேட்டேன்.

"ஐயய்யோ, இல்லீங்க. ஒரு காயிதம் போதும். இந்தப் படத்துலயும் அந்தப் பெரிய படத்துலயும் நிக்கிறது தெல்மா காட்டுன்னு. கரோலுக்குக் காட்டணும்."

அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வேனிலில் அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். பெண்டாட்டி ஊரில் இல்லாத ஓவியர் வீட்டுக் கொல்லைக்கதவில் தெல்மா நிற்கிறாள் என்று படகுத்துறையில் எவனோ சொன்னான். கரோல் வந்து கேட்டான். படம் வரைய நின்றேன், வேறொன்றுமில்லை என்றாள். சரி, படம் வெளியே வரட்டும் பார்க்கலாம் என்றான். நல்ல மனிதன்தான், காத்திருந்தான். படம் பத்திரிகையில் வந்தது, கீழே "ஓவியரின் மனைவி" என்று போட்டு. அன்றைக்குக் கரோல் கட்டிலைச் சமையலறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினான். நாற்பத்தோரு வருடம் அங்கேதான் படுக்கிறான். படகுத்துறையில் இரை மீன் வைக்கும் கொட்டகையில் அந்தக் காலண்டரை மாட்டிவைத்து, "கரோல், உன் வீட்டுக்காரி எந்தப் பக்கம் ஒளிஞ்சிருக்கா, காட்டேன்" என்று கேட்பார்களாம். அவன் ஒருநாளும் அவளை அடித்ததில்லை. திட்டியதுமில்லை. உப்பை எடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான் பேச்சு.

"இந்தப் பலகைய அப்பவே காட்டியிருக்கலாமே."

"எப்படிங்க காட்டுவேன்? மூஞ்சிய வேற வரைஞ்சு குடுத்துருக்காருன்னா என்ன நெனைப்பாரு? என் தங்கச்சி வீட்டுல ஒளிச்சு வெச்சிட்டேன். இப்ப அவருக்கு நுரையீரலு போயிருச்சு. டாக்டரு இன்னும் ரெண்டு மூணு வாரம்னு சொல்லிட்டாரு. பெரியவங்க நீங்க எழுதிக் குடுத்தா நம்புவாரு. அவரு போறதுக்குள்ள நம்பிட்டாப் போதும்."

நான் கேட்டே தீர வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. நாற்பத்தோரு வருடம் அது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

"பதினோரு நாள். வேற ஒண்ணுமே நடக்கலியா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "உட்காருன்னுகூட ஒரு வார்த்தை சொல்லலீங்க. ஒரு டம்ளர் தண்ணி குடுக்கல. தலையத் திருப்பினா நாய் மாதிரி குரைச்சாரு. கடைசி நாள் நான்தான் கேட்டேன், இத்தன நாளு முதுகையே பாத்தீங்களே, ஒரு தடவை என் மூஞ்சிய வரையுங்களேன்னு. சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டேன். சரி நில்லுன்னு சொல்லி அரை மணி நேரத்துல இதை வரைஞ்சு கையில குடுத்துட்டாரு. எனக்கு இது வேண்டாம், நீ கொண்டுபோன்னாரு."

அவள் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. ஆரின் அப்படித்தான், அந்த மனிதனுக்கு ஒரு பெண் என்பவள் வெளிச்சம் படுகிற ஓர் இடம். அவள் என் கணவனோடு படுத்திருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன் என்று அப்போது தோன்றியது. அதற்குக் கோபப்பட வழி தெரியும், கோபம் தீரவும் வழி தெரியும். ஆனால் இவள் ஒரு தடவை கேட்டாள், அவர் வரைந்துவிட்டார். நான் எத்தனை தடவை கேட்டேன். மீன் நாற்றம் வீசும் ஆலைக்காரி, விளையாட்டுக்குக் கேட்டாள். அந்தச் சிரிப்பை அடக்கிய வாயை ஆரின் எவ்வளவு அக்கறையாக வரைந்திருந்தார் தெரியுமா? வயிறு எரிந்தது. வேறு வார்த்தை இல்லை.

டாக்டர் பெல் திரும்பி வந்தார். அவளைச் சமையலறையில் இருக்கச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு நாங்கள் மேஜையருகே நின்றோம்.

"மேடம், இது அவரோடதுதான்" என்றார் பெல் மெதுவாக. "கையெழுத்து, வண்ணம் எல்லாமே. ஒரு குழந்தைகூடச் சொல்லும்."

"அப்படியா. அப்ப உங்க நாலாம் பதிப்புல அந்த அத்தியாயத்தை என்ன பண்ணப் போறீங்க? சிலுவைய எடுத்துட்டு மத்தி மீனை வைக்கலாமா?"

அவர் கழுத்து சிவந்தது.

"எப்படியும் ஒருநாள் தெரிஞ்சிடும்" என்றார் பிறகு.

"நான் செத்த பிறகு தெரியட்டும். நீங்க எந்தப் பக்கம்?"

"நீங்க எந்தப் பக்கமோ..." என்று இழுத்தார்.

இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்து மையில் ஒற்றினேன். பலகையின் பின்பக்கம் நிறைய இடம் இருந்தது, மேலும் கீழும் வெறும் மரம். நான் ஆரினின் கையெழுத்தின் மேல்தான் குத்தினேன். பூச்சில்லாத மரம் மையை நன்றாகக் குடித்தது. ஒரு தடவை போதாது என்று மூன்று தடவை குத்தினேன். "தெல்மா" என்று எழுதியிருந்த இடம் சிவப்பாகிவிட்டது.

சமையலறையில் அவள் தன் பூட்ஸ் விட்ட சேற்றைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். பலகையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"எதனாலங்க?"

"காரணம் சொல்றதில்ல. அது எங்க வழக்கம்."

"எழுத்த அழிச்சிட்டீங்களே."

"முத்திரை எங்க விழுதோ அங்க விழும்."

"சரிங்க. உலகத்துக்குச் சொல்ல வேணாம். படம் உங்களோடதாவே இருக்கட்டும். கரோல்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை. நீங்க வரக்கூட வேணாம், போன்ல சொன்னாலும் போதும். அவரு யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு, சொல்றதுக்கு அவருக்கு மூச்சே இல்ல." அவள் என் கையைப் பிடிக்க வந்தாள். நான் கையைப் பின்னால் கொண்டுபோய்விட்டேன். "ஒரு பொம்பளைக்கு ஒரு பொம்பளை செய்யக் கூடாதா?"

"கிளம்பு தெல்மா. மூடுபனி இறங்குறதுக்குள்ள வீடு போய்ச் சேரு" என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை நான் இளகியிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் பொய். பலகையைத் தலையணை உறைக்குள் வைத்து, முனையை முடிச்சுப் போட்டுக்கொண்டு போனாள்.

ஒன்பது நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு டெலிபோன் அடித்தது. எடுத்தால் எதிர்முனையில் ஏதோ இயந்திரம் இரைந்தது, நோயாளிக்கு மூச்சுக் கொடுக்கிற இயந்திரம் போல. அதற்கு நடுவே ஒரு ஆண்குரல், துண்டு துண்டாக.

"ஹாஸ்கல் அம்மாவா? நான் கரோல் காட்டு."

"சொல்லுங்க."

"அவ ஒரு பலகைய எடுத்து வந்து காட்டுனாம்மா. முத்திரை குத்தினதோட. மூஞ்சி அவளோடதுதான். அந்த வயசுல அவ அப்படித்தான் இருந்தா. நான் மறந்தே போயிட்டேன்." மூச்சுக்காக நிறுத்தினார். "ஆனா மூஞ்சிய எதுக்கு வேணாலும் வரைஞ்சிருக்கலாம். அவ என்கிட்ட சொன்னது பெரிய படத்தைப் பத்தி. பதினோரு நாள் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன், அதுக்குத்தான் போனேன்னு. அது அவதான்னா அவ சொன்னது எல்லாம் நிசம். அது நீங்கதான்னா எல்லாம் பொய். ஒரே ஒரு கேள்விதாம்மா. அதுல நிக்கிறது யாரு?"

எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது. டாக்டர் பெல் பக்கத்தில் இல்லை, காகிதம் இல்லை, சாட்சி இல்லை. அந்த மனிதர் அந்த வாரத்தைத் தாண்ட மாட்டார். "அவதான்" என்று நான் சொல்லியிருந்தால் அது அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும். நியூயார்க்கில் சுவரில் நான் நின்றுகொண்டே இருந்திருப்பேன். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இதையெல்லாம் நான் நிதானமாக யோசித்தேன். அந்த அகன்ற வாயையும் யோசித்தேன்.

"நான்தான்" என்றேன்.

இயந்திர இரைச்சலுக்குள் அவர் அழுவது கேட்டது.

"அப்ப நான் அவளுக்கு அநியாயம் ஒண்ணும் பண்ணல."

"இல்ல."

"ஒன்பது நாளா பயந்து செத்துக்கிட்டு இருந்தேம்மா. நாப்பத்தோரு வருஷம். அத்தனையும் தப்பாப் போயிருந்தா நான் எந்த மூஞ்சியோட போய்ச் சேருவேன்? ரொம்ப நன்றிம்மா. நீங்க நல்லா இருக்கணும்."

அப்போது அவருக்குப் பின்னால் கதவு திறக்கும் சத்தமும் தெல்மாவின் குரலும் கேட்டன. "யார்கிட்டங்க பேசறீங்க? இப்படி மூச்சு வாங்குதே உங்களுக்கு."

"ஹாஸ்கல் வீட்டம்மா" என்றார் கரோல். போனை அவர் கையால் பொத்தவில்லை. "கேட்டுட்டேன். அது அவங்கதானாம்."

நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அவள் கத்துவாள், போனைப் பிடுங்கி என்னைச் சபிப்பாள் என்று எதிர்பார்த்துக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் ஒலி கேட்டது, பிறகு கிண்ணத்தில் கரண்டி படும் ஒலி.

"வாயத் திறங்க" என்றாள் தெல்மா. "சூப்பு ஆறிடும்."